கலையரசியின் நூறு கேள்விகள்

நூற்றைம்பது மீட்டர் நீளமுள்ள ரயில் மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்? பத்து விநாடி. கணக்கில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் கலையரசிக்கு அது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய விடை. ஆனால் அந்த ரயில் கம்பத்தைக் கடந்த பிறகும் அவளை விட்டுப் போகாது. எந்த ஊர்க் கம்பம் அது? பக்கத்தில் புளியமரம் இருக்குமா? கடைசிப் பெட்டியில் ஜன்னலோரம் இருந்தவர் கம்பத்தைப் பார்த்தாரா, தூங்கிக்கொண்டே போய்விட்டாரா? அவள் அந்தப் பெட்டியில் ஏறி இறங்கி வருவதற்குள் திரையின் மூலையில் ஓடும் கடிகாரம் இரண்டு நிமிடத்தைத் தின்றிருக்கும்.

விமானப்படை அதிகாரி வேலைக்கான இணையவழித் தேர்வில் நூறு கேள்விகள், இரண்டு மணி நேரம். விடை சரியென்றால் மூன்று மதிப்பெண், தப்பென்றால் ஒன்று கழியும். முதல் முறை எழுதியபோது கலையரசி நாற்பத்தாறு கேள்விகளைத்தான் தொட்டிருந்தாள். மற்ற ஐம்பத்து நான்கும் திறக்காத கதவுகளாகவே நின்றுவிட்டன. வந்தது நூற்றாறு மதிப்பெண். வேண்டியது அதைவிட நாற்பதுக்கும் மேல்.

அவளுக்கு அந்த ஆசை வந்த விதமே வேடிக்கையானது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது தாம்பரத்தில் ஒரு முகாம். மைதானத்தில் வரிசையாக நடந்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு சின்ன விமானம் போனது. எல்லோரும் நேராகப் பார்த்து நடக்க, இவள் மட்டும் அண்ணாந்துவிட்டாள். நீலச் சீருடையில் நின்றிருந்த பெண் அதிகாரி ஒருவர் அருகில் வந்து, "ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு பார். வானத்தைப் பார்க்கணும்னா முதல்ல காலைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் நடந்து போன விதத்தைக் கலையரசி மைதானத்தின் கடைசி வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு வேறு எந்த வேலையையும் அவளால் ஆசையாக நினைக்க முடியவில்லை.

ஆரணியில் அவர்கள் வீட்டின் முன்கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா மாணிக்கவேல், இன்னொன்றில் அம்மா ரேணுகாம்பாள். மகள் முதல் முறை தேறவில்லை என்று தெரிந்த அன்று மாணிக்கவேல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"துப்பாக்கி புடிக்கணுமாம்மா?"

"பழக்குவாங்க நைனா. ஆனா நான் கேட்டிருக்கிறது நிர்வாகப் பிரிவு."

"அப்ப சரி" என்று சொல்லி அவர் நூல் ஓட்டும் நாடாவைத் தட்டினார். எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியவில்லை.

அம்மாவின் கவலை வேறு. முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நல்ல ஜாதகம் வந்திருந்தது. மகளுக்கு இருபத்து நான்கு வயது முடியப்போகிறது. கலையரசி தயங்கித் தயங்கி, "இன்னும் ஒரே ஒரு தடவை எழுதிப் பாத்துடறேன்மா, அது வரைக்கும்..." என்று இழுத்தாள்.

"எது வரைக்கும்னு நான் கேட்டனா? வந்து சாப்பிடு" என்றாள் ரேணுகாம்பாள். அந்த ஜாதகம் சாமி படத்துக்குப் பின்னாலேயே கிடந்தது. பிறகு யாரும் அதை எடுக்கவில்லை.

தேர்வை உண்மையில் கையில் எடுத்தவள் தங்கை தீபாதான். பி.காம். முடித்துவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை செய்துவந்தாள். அவளுக்குக் கனவெல்லாம் வராது. படுத்தால் தூங்குவாள், எழுந்தால் வேலைக்குப் போவாள். பள்ளி விட்டுக் கலையரசி பேருந்தில் வந்து இறங்கும் நேரமும் தீபா கடையில் இருந்து திரும்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. இருவரும் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருவார்கள். கீழே தறிச் சத்தம், மேலே வெயில் இறங்கிய வானம். தீபா செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டுக் கேள்வி படிப்பாள்.

"ஒரு படகு ஆத்துல எதிர்த்து பன்னண்டு கிலோமீட்டர் போவ மூணு மணி நேரம். திரும்பி வர ரெண்டு மணி நேரம். தண்ணியோட வேகம்?"

கலையரசியின் கண் எங்கோ போய்விட்டது.

"அக்கா! இன்னாத்த யோசிச்சிகினு கீற?"

"மணிக்கு ஒரு கிலோமீட்டர்."

"அது தெரியும். ஜல்தியா சொல்ல வேண்டிதுதானே? ஒண்ணே முக்கால் நிமிஷம் எங்க போன?"

"அவன் ஏன்டீ அவ்ளோ தூரம் எதிர்த்துப் போனான்? போய்ட்டு உடனே ஏன் திரும்பி வந்தான்? அங்க யாரும் இல்லையோ என்னவோ."

தீபா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னோட ஒரே பேஜாரா கீது." ஆனால் மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். "கனவ வாணாம்னு சொல்லல. அதுக்கு ஒரு பேரு மட்டும் ஓரத்துல எழுதி வெச்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடு. நூறும் முடிஞ்சப்புறம் எல்லாத்தையும் சாவகாசமா கண்டுக்கோ. யாரு கேக்கப் போறாங்க?"

அது பலித்தது. கலையரசி விடையைக் குறித்துவிட்டுக் காகிதத்தின் ஓரத்தில் 'படகு' என்று எழுதுவாள். மனம் அடங்கிவிடும், மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததைப் போல. ஒரு சதுரக் கட்டையின் ஆறு பக்கத்துக்கும் சிவப்பு அடித்து இருபத்தேழு துண்டாக வெட்டினால் பூச்சே படாத துண்டு எத்தனை? ஒன்று. ஓரத்தில் 'நடுத்துண்டு'. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ராஜவேலுவுக்கு எதிரில் யார்? ஓரத்தில் 'காலி நாற்காலி'. ஒரு உருவத்துக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு உருவம் எது? ஓரத்தில் 'ஒளிஞ்சவன்'.

பயிற்சி முடிந்ததும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். சிவப்புக் கட்டைக்குள்ளே வெளிச்சமே காணாமல் இருபத்தாறு பேருக்கு நடுவில் இருந்த அந்த ஒற்றைத் துண்டு, வெட்டிய பிறகு முதல் முதலாக வானத்தைப் பார்த்து என்ன நினைத்திருக்கும் என்று சொல்வாள். வீதியில் யாரோ தறிக்காகக் காயவைத்த பாவு நூல் கடைசி வெயிலில் மினுங்கும். தீபா படுத்துக்கொண்டு கேட்பாள். முதலில் அக்காவுக்காகக் கேட்டாள், பிறகு தனக்காகவே கேட்டாள். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட, இன்றைக்குப் 'பாதி நிரம்பிய தொட்டி' என்ன ஆகுமோ என்று நினைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள்.

ஒரு நாள் அவள் எழுந்து உட்கார்ந்து சொன்னாள். "உன் கதைல ஒரு கோளாறு கீதுக்கா. யாருமே ஒண்ணும் செய்யறதில்ல. எல்லாரும் சும்மா பாத்துகினே கீறாங்க. தொட்டி ஒழுவுதுன்னா ஒருத்தனாவது எழுந்து போய் அடைக்க வாணாமா?"

  "சரி, அடைக்கச் சொல்லலாம்" என்றாள் கலையரசி. அன்றிலிருந்து அவள் கனவுகளில் ஆட்கள் எழுந்து நடந்தார்கள். படகுக்காரன் எதற்குப் போனான் என்பதற்கும் ஒரு பதில் கிடைத்தது: அக்கரையில் காய்ச்சலோடு கிடந்த ஒரு பிள்ளையை அழைத்து வரத்தான் போயிருக்கிறான்.

இரண்டாம் முறை தேர்வு சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்தது. தீபா கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உடன் வந்து வெளிவாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள், ஒரே மாதிரிக் குளிர். கலையரசி எழுபத்தோரு கேள்விகளுக்கு விடை குறித்தாள். சந்தேகமாக இருந்த மற்றதைத் தொடவே இல்லை. கையில் கொடுத்த வெள்ளைத் தாளின் ஓரம் முழுக்க முப்பதுக்கும் மேல் பெயர்கள். ஆனால் வெளியே வரும்போது அந்தத் தாளைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அது விதிதான், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போடும் முன் பெயர்களை ஒரு முறை வாசித்துக்கொண்டாள்.

"எப்படி எழுதின?" என்றாள் தீபா.

"நல்லாத்தான். ஆனா எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

பேருந்தில் ஆரணி வரும் வரை நினைவிருந்த பெயர்களை இருவரும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். பதினேழு தேறியது.

முடிவு வந்தபோது நூற்று அறுபத்தொன்பது. நேர்முகத் தேர்வுக்கு மைசூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதுவரை கர்நாடக எல்லையைத் தாண்டியிராத கலையரசி ஒரு பெட்டியோடு காட்பாடியில் ரயில் ஏறினாள்.

மைசூரில் முதல் நாளிலேயே பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ரயிலில் பார்த்த பெண்கள் பயமுறுத்தியிருந்தார்கள். காலையில் புதிர்க்கேள்விகள் முடிந்தன. அடுத்து ஒரு பெரிய அறையில் விளக்கை அணைத்துத் திரையில் ஒரு படத்தைக் காட்டினார்கள். பனிமூட்டத்தில் எடுத்ததுபோல மங்கலான படம். முப்பது விநாடி. பிறகு விளக்கு எரிந்தது. பார்த்ததை வைத்து நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும்.

கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் ஒளித்து ஒளித்துச் செய்ததை இங்கே செய்யச் சொல்கிறார்கள். மங்கலில் அவள் பார்த்தது ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும். பின்னால் கட்டடமா கரையா என்று தெரியவில்லை. பெண்ணைச் சத்துணவு சமைப்பவள் ஆக்கினாள். மழையில் ஓடைப்பாலம் உடைந்து பிள்ளைகள் அக்கரையில் நிற்கிறார்கள். அவள் ஊருக்குள் ஓடி இரண்டு பேரை அழைத்து வருகிறாள், கயிறு கட்டுகிறாள், கடைசிப் பிள்ளையும் வந்த பிறகு உலையை ஏற்றுகிறாள். நான்காம் நிமிடத்தில் சோறு வெந்துவிட்டது.

அதன்பின் பதினான்கு பேரை வட்டமாக உட்காரவைத்து, பேசி எல்லோர் கதையையும் ஒரே கதையாக்கச் சொன்னபோது ஒரே கூச்சல். கலையரசியின் குரல் வகுப்பறைக் குரல், சண்டைக்குரல் அல்ல. எல்லோரும் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில், "நம்ம எல்லார் கதையிலயும் யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க. அவங்களை முதல்ல வெளியே கொண்டுவருவோம், ஊர்ப் பேரை அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மாலையில், தங்கலாம் என்று வாசித்தவர்களின் எண்களில் அவள் எண்ணும் இருந்தது.

மீதி நாட்கள் கயிறும் பலகையும் பேச்சும் ஓட்டமுமாகக் கழிந்தன. நேர்முகத்தில் நரைத்த மீசை அதிகாரி ஒருவர், முதல் முறை ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டார். கேள்விகளுக்குள்ளே போய்விட்டு வர நேரமாகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள். இப்போது போவதில்லையா என்றார். "போறேன் சார். வேலையை முடிச்சுட்டுப் போறேன்." அவர் எதையோ எழுதிக்கொண்டார். கடைசி நாள் தேர்வானவர்கள் என்று மூன்று எண்களைத்தான் வாசித்தார்கள். மூன்றாவது அவளுடையது. வெளியே வந்தாள். மரத்தடியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள். தறிச் சத்தத்தில் காது கேட்காமல் அம்மா போனை அப்பாவிடம் நீட்டிவிட்டுத் தன் தறிக்குத் திரும்பினாள். அப்பா வாங்கிக் கேட்டுவிட்டு, "நிறுத்துடீ தறிய" என்று கத்தியது மைசூர் வரை கேட்டது.

மருத்துவப் பரிசோதனை முடிந்து, தகுதிப் பட்டியலுக்காக மூன்று மாதம் காத்திருந்து, ஐதராபாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கழகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் காலம் முடிந்திருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேச அனுமதி. விடியுமுன் ஓட வேண்டும் என்றும், முழங்கால் வீங்கியிருக்கிறது என்றும், ஓட்டத்தின் பாதியில் கிழக்கு வெளுப்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். ரேணுகாம்பாள் அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரசம் ஊத்தறாங்களா?" என்றாள்.

"ஊத்தறாங்கம்மா. ஆனா இனிக்குது."

அன்று மாலைக்குள் அந்தச் செய்தி தெருக்கோடி வரை போய்விட்டது. விமானப்படையில் ரசத்துக்கு வெல்லம் போடுகிறார்களாம்.