மூன்று மாதத்துக்கு ஒரு போன்

எங்கள் தெரு இசபெல் அக்கா, மீன் பழசு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எல்லாம் இப்போதுதான் கரைக்கு வந்தது. கோட்டாறு சந்தையில் இருபது வருடமாக இதே பேச்சுதான். அந்த வாய்தான் ஆராய்ச்சிக்காரர்களையும் ஏமாற்றியது.

நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய தண்டுவடத்தில் ஒரு கட்டி. லட்சத்தில் ஒருவருக்கு வருவதே அபூர்வம் என்றார்கள். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரவும், பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் பதில் சொல்லவும் சம்மதமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாமென்றாலும் வைத்தியம் குறையாது என்றார். அக்கா உடனே கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுபிதா என்ற பெண் அங்கிருந்து கூப்பிடுவாள். கால் மரத்துப்போகிறதா, வலி உண்டா என்று வரிசையாகக் கேட்பாள். அக்காவின் பதில் ஒன்றுதான்: "சுகம் மோளே." குறை சொன்னால் உயிரைக் காப்பாற்றிய டாக்டருக்குக் கெட்ட பெயராம்! இவளை என்ன சொல்லித் திருத்த?

போன மாதம் சுபிதா கேள்விகளை ஆரம்பிக்கவே இல்லை.

"அக்கா, இதே கட்டிய எடுத்த ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு, காலுல உணர்ச்சி திரும்பி வருமான்னு கேக்கா. எங்க ஆராய்ச்சியில இந்தக் கட்டிக்காரங்க மொத்தமே பதினோரு பேருதான். உங்க பதில வச்சுப் பார்த்தா வந்துரும்னு சொல்லணும். சொல்லட்டுமா?"

அக்கா கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மீன் வாங்க வந்த நானும், முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் அல்போன்ஸ் அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவள் எங்களை மறந்தே போனாள்.

"அந்தப் பிள்ளகிட்ட பொய் சொல்லாண்டாம் மோளே. எனக்க எடது காலு செத்துதான் கெடக்கு. செருப்பு கழண்டாலும் தெரியாது. சூட்டு மணல்ல வெந்து கொப்புளம் வந்ததுகூட தெரியல. மூத்திரம் நிக்காது, துணி வச்சுட்டுதான் சந்தைக்குப் போறேன். ஆனா கூடையத் தூக்கிட்டு நடக்கேன் பாத்துக்க. அதையும் எழுதணும்."

சுபிதா எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. நான் வாங்க வந்த சாளை கூடையிலேயே கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை வைத்ததும் அண்ணன் கேட்டார். "எங்கிட்ட ஏன் ஏட்டி சொல்லல?"

"போன் பண்ணுத பிள்ள மூணு மாசத்துக்கு ஒருக்க கேக்கா. நீங்க எப்பம் கேட்டீங்க?"

அண்ணன் வலையை மடியிலிருந்து இறக்கிவைத்தார். எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்பம் கேக்கேன். சொல்லு."