படத்தில் இல்லாத வயலின்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை கூரியர் வந்தது. என் துரதிர்ஷ்டம்... அன்றைக்குப் பார்த்து சேகர் வீட்டில் இருந்தார்.

சேகர் என் கணவர். செங்கல்பட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள் அவருடையவை. அவருக்கு இசை என்றால் ஏர் ஹாரன்.

"இன்னா இது?"

"சிடி."

"பாட்டா?"

"பாட்டு இல்லே. பின்னணி இசை."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் படத்து சிடி ஏற்கெனவே வூட்ல கீதே?"

மாட்டிக்கொண்டேன். "அது சின்னது. இது விரிவாக்கப்பட்ட பதிப்பு. படத்துல வராததெல்லாம் இதுல இருக்கு" என்றேன்.

சேகர் அட்டையை என்னிடம் நீட்டினார். "படத்துலயே வாணாம்னு தூக்கிக் கடாசினத டப்பு குடுத்து வாங்கிகினு கீற?"

நியாயமான கேள்விதான்.

எனக்குப் பின்னணி இசைப் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், படம் எடுத்து முடித்தபின், ஒரு பெரிய கூடத்தில் வயலின், செல்லோ, புல்லாங்குழல் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்து, திரையில் காட்சியை ஓடவிட்டு வாசிக்கும். அதற்கு ரீ-ரெக்கார்டிங் என்று பெயர். பாட்டுகள் கேசட்டாக வரும். இந்த இசை வராது. படத்தோடு போய்விடும்.

இப்போது சில சின்னக் கம்பெனிகள் அந்தப் பழைய டேப்புகளைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, சுத்தம் செய்து, முழுசாக வெளியிடுகின்றன. படத்தில் வந்தது, வராதது, சொதப்பிய டேக், சொதப்பாத டேக்... எல்லாம். குறைவான பிரதிகள்தான் போடுவார்கள். என்னைப் போன்றவர்கள் அடித்துப்பிடித்து வாங்குவோம். வாங்கியபின் வாட்ஸ்அப் குழுவில், 'மூன்றாவது டேக்கில் செல்லோ ஒரு மயிரிழை முன்னால் கேட்கிறதே, கவனித்தீர்களா?' என்று சண்டை போடுவோம். குடும்பத்தார் எங்களை மன்னிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சிடியைப் போட்டேன். இரண்டாவது சிடியின் நடுவில் 'படகுக் காட்சி – படத்தில் இடம்பெறாதது' என்று ஒரு டிராக். டேக் தொடங்குவதற்கு முன்பே டேப்பை ஓடவிட்டுவிட்டார்கள் போல. நாற்காலி நகரும் சத்தம். யாரோ இருமுகிறார்கள். பிறகு, இப்போது நம்மிடையே இல்லாத, அந்தப் படத்து இசையமைப்பாளரின் குரல்.

"என்னய்யா தேவசகாயம், நானும் பாக்கறேன், வாட்சையே பாத்துட்டு இருக்கே?"

ஒரு இளம் குரல், தயங்கித் தயங்கி: "சார்... சாயங்காலம் நிச்சயதார்த்தம் சார். அச்சரப்பாக்கத்துல."

"யாருக்கு?"

"எனக்குத்தான் சார்."

கூடமே சிரிக்கிறது. அத்தனை பேர் சிரிப்பு.

"அடப்பாவி, முன்னாடியே சொல்லக்கூடாது? பொண்ணு பேரு என்ன?"

"எஸ்தர் சார்."

"சரி, இந்த சோலோவை எஸ்தரை நெனச்சுகிட்டு வாசி. வாசிச்சிட்டு ஓடு."

அப்புறம் மௌனம். அப்புறம் ஒற்றை வயலின்...

அந்தப் பையன் ஓடினானா? நிச்சயதார்த்தம் நடந்ததா? சிடியோடு வந்த புத்தகத்தில் பார்த்தேன். 'வயலின் குழுவினர்' என்று மொத்தமாகப் போட்டிருந்தது. அவ்வளவுதான்.

சமையலறை வாசலில் சேகர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "அச்சரப்பாக்கம்னா சொன்னான் அந்தாளு?" என்றார். "நம்ம டிரைவர் குமாரு அந்த ஊருதான்." உடனே போனை எடுத்துவிட்டார்.

தூக்கிக் கடாசின சரக்கில் சேகருக்குத் திடீரென்று அக்கறை வந்தது இப்படித்தான்!

டிரைவர் குமார் ஊரில் விசாரித்தார். சர்ச்சில் வயலின் வாசித்துப் பழகி, மெட்ராசுக்குப் போய் சினிமாவில் வாசித்த தேவசகாயத்தை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றாராம். இப்போது புதுப்பட்டினத்தில் இருக்கிறாராம். மனைவி பெயர்? "எஸ்தர்" என்றார் குமார். சேகர் போனிலேயே கை தட்டினார்.

குமார் வாங்கித் தந்த நம்பரில் நான்தான் பேசினேன். "சார், நீங்க அந்தப் படத்துல வயலின் சோலோ வாசிச்சீங்கதானே?"

எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. பிறகு, "யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"நீங்களேதான் சார் சொன்னீங்க. நேர்ல வந்து விவரமா சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பினோம். எங்கள் புதுக் காரில் சிடி போடும் வசதி கிடையாது. முன்னேற்றம்! அதனால் வீட்டு சிடி பிளேயரை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர்கள் இரண்டும் பின்சீட்டில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தன. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சேகர் ஒரு பள்ளத்தில்கூட வண்டியை இறக்கவில்லை. எனக்காக ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை.

புதுப்பட்டினத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன மாடி வீடு. தேவசகாயம் சார் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே நின்றார். எஸ்தரம்மா வஞ்சிரம் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். குரலில் இன்னும் வார்டு இருந்தது. "வாங்க வாங்க, குந்துங்க" என்றவர், நான் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் கரண்டியோடு நின்றார்.

"அந்தப் படத்தப் பத்தி இந்த வூட்ல பேசறதில்லம்மா" என்று உள்ளே போய்விட்டார்.

சார் அசடு வழியச் சிரித்தார். பிறகு சொன்னார்.

நிச்சயதார்த்தம் சாயங்காலம். பெண் வீட்டில் பந்தல் போட்டு, பாதிரியாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளையைக் காணோம். அந்தக் காலத்தில் போன் ஏது? மெட்ராசிலிருந்து செங்கல்பட்டு, அங்கே பஸ் மாறி, இவர் வந்து சேர்ந்தபோது ஊரே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தது. 'ரெக்கார்டிங்' என்றார். எஸ்தரம்மாவின் அண்ணன் ஏசுபாதம் நம்பவில்லை. மெட்ராசில் வேறு யாரோ இருக்கிறாள், அவளிடமிருந்து தப்பி வர நேரமாகிவிட்டது என்று அவர் கணக்கு. எப்படியோ கல்யாணம் நடந்தது.

"படம் வரட்டும், காட்டறேன்னு நானும் சவால் விட்டேம்மா. படம் வந்துது. குடும்பத்தையே செங்கல்பட்டு தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். போட் சீன்ல வரும், நல்லா கேளுங்கன்னேன். மச்சான் பக்கத்து சீட்டு. இண்டர்வெல் வரைக்கும் போட் வரல. 'எங்க மாப்ள வயலினு?'ன்னாரு. அப்புறம் வரும்னேன்..."

"வந்துதா?" என்றார் சேகர், சீட்டு நுனியில்.

"படமே முடிஞ்சிடுச்சி. போட் சீனையே வெட்டிட்டானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சார் சிரிக்கவில்லை. "அன்னையிலேர்ந்து மச்சான் என் பேச்சை எதுக்கும் எடுக்கறதில்லம்மா. மனை வாங்கறப்பவும் சரி, பிள்ளைங்க கல்யாணத்துலயும் சரி, 'அவரு சொல்றத நம்பாத எஸ்தரு, அவரு வயலின் பார்ட்டி'ன்னுடுவாரு. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நெஜமாவே வாசிச்சேனான்னு."

உள்ளேயிருந்து எஸ்தரம்மாவின் குரல் வந்தது. "எனக்கு இவரு மேல வேற எதுலயும் சந்தேகம் வந்ததில்லம்மா. நல்ல மனுசன். இந்த ஒண்ணுதான்... அன்னிக்கி எங்க போயிருந்தாருன்னு."

சொல்லிவிட்டு எண்ணெயில் அடுத்த துண்டைப் போட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் குரலில் ஒரு முள் இருந்தது.

நான் பிளேயரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். சேகர் ஒயர்களை மாட்டினார். சார் சட்டென்று என் கையைப் பிடித்தார். "நல்லா வாசிச்சிருக்கேனாம்மா? இல்லன்னா போட வேணாம்."

"உக்காருங்க சார்" என்றேன். "எஸ்தரம்மா, அடுப்பை அணைச்சிட்டு ஒரு நிமிஷம் வாங்களேன்."

நாற்காலி நகரும் சத்தம். இருமல். இசையமைப்பாளரின் குரல். பிறகு அந்த இளம் குரல்.

கரண்டியோடு வந்த எஸ்தரம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாரு இது... நம்ம சாமுவேலு கொரலு மாதிரியே கீது?"

சாமுவேல் அவர்கள் மகன்.

"நான்தான்டி" என்றார் சார், மெதுவாக.

'பொண்ணு பேரு என்ன?'

'எஸ்தர் சார்.'

சேகர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். அந்தப் புழுக்கத்தில்! ஒரு சத்தம்கூடக் குறுக்கே வரக்கூடாது என்று.

வயலின் தொடங்கியது. முதலில் ஒற்றையாக, தரையில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல. பிறகு மற்ற வயலின்கள் ஒவ்வொன்றாக அடியில் சேர்ந்துகொள்ள, அது எழும்பி, எழும்பி... நான் பலமுறை கேட்ட இசைதான். ஆனால் வாசித்தவரும் யாரை நினைத்து வாசித்தாரோ அவரும் எதிரில் உட்கார்ந்திருக்க, ஒரு சிடியைக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எஸ்தரம்மா கரண்டியை மடியில் வைத்திருந்தார். புடவையில் எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

முடிந்ததும், "இன்னொரு தபா போடு" என்றார்.

நான் வயலின் தொடங்கும் இடத்துக்கு நகர்த்தினேன்.

"அது இல்லம்மா. பேச்சப் போடு."

சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வயலினக் கேளு எஸ்தர்!"

"வயலின் எங்க போவுது? கொஞ்சம் சும்மா இரு நீ."

பேச்சை மறுபடி போட்டேன். மறுபடி. மறுபடி. 'எஸ்தர் சார்' என்று அந்தப் பையன் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மாறியது. கடைசியில் சாரிடம் திரும்பி, "இவ்ளோ பேரு முன்னாடி எம்பேர சொல்லிகினு கீற. எங்கிட்ட ஒரு வார்த்த இத சொன்னியா?" என்றார். முள்ளைக் காணோம்.

"சொன்னா நம்பியிருப்பியா?" என்றார் சார்.

அதற்குப் பதில் வரவில்லை. வறுத்த வஞ்சிரம் வந்தது. முதல் தட்டு, விருந்தாளிகளான எங்களுக்கு இல்லை. சாருக்கு.

சாப்பிடும்போது சார் சொன்னார், "ரெண்டாவது வரியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

"பஸ்ஸப் புடிக்கணும்ல சார்" என்றார் சேகர். பஸ் முதலாளியின் முதல் இசை விமர்சனம்.

நாம் கொண்டாடுகிற எந்தப் படத்துக்குப் பின்னாலும் எவ்வளவு வெட்டி எறிந்திருப்பார்கள்! படம் நீளமாகிவிட்டது என்று யாரோ கத்தரியை வைத்தார். அவர் மேல் தப்பில்லை. அவர் வெட்டியது ஒரு படகுக் காட்சியை. அச்சரப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளையின் மானமும் அதோடு போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? படத்தில் வராததை எதற்கு வாங்குகிறாய் என்று இனிமேல் யாராவது கேட்டால், சேகரையே பதில் சொல்லச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

கிளம்பும் நேரத்தில் எஸ்தரம்மாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அண்ணனுக்குப் போன் போட்டார். ஏசுபாதம் இப்போதும் அச்சரப்பாக்கத்தில்தான் இருக்கிறார். "அண்ணே, ஒண்ணும் பேசாத. இத கேளு" என்று போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடித்தார். பேச்சு, சிரிப்பு, வயலின் — முழுவதும் ஓடி முடிந்தது. சார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல.

"கேட்டியா அண்ணே?"

"கேட்டேன். மாப்ள கொரலுதான்."

"இன்னா சொல்ற இப்ப?"

"வயலினு நல்லாத்தான் கீது. ரொம்ப நல்லா கீது. பாவம், அந்தாள எத்தினி பேச்சு பேசிட்டேன்... வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வூட்டுக்கு வாங்க. ஆட்டுக்கறி எடுக்கறேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆனா எஸ்தரு, ஒரு டவுட்டு" என்றது போன். "இது மொத்தமே நாலு நிமிசம்தான் வருது. மாப்ள வந்து சேந்தது எல்லாரும் துன்னு முடிச்சப்புறம். மிச்ச நேரம் எங்க போயிருந்தாரு?"

எஸ்தரம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சார் போனைப் பிடுங்கி, "மச்சான்! ஒரே டேக்கா அது? எத்தினி டேக்கு போச்சு தெரியுமா உனக்கு?" என்று கத்தினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அதெல்லாம் கேட்டாத்தான் நம்புவேன்" என்று போனை வைத்துவிட்டார் ஏசுபாதம்.

எனவே அந்த சிடி கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். மிச்ச டேக்குகள் எந்தப் பெட்டியில் கிடந்தாலும் சீக்கிரம் தேடி எடுத்து வெளியிடுங்கள் ஐயா... அச்சரப்பாக்கத்து மச்சான் இன்னும் விசாரணையை முடிக்கவில்லை!