சுந்தரவல்லி, அரசாங்கச் சொத்து

சுந்தரவல்லியின் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை. 1966இல் தில்லியில் பிறந்தாள். தமிழ்ப் பள்ளியில் படித்தாள், பி.காம். முடித்தாள், எண்பத்தேழில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள், எண்பத்தொன்பதில் கல்யாணம் செய்துகொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இவ்வளவுதான் அவள் சரித்திரம்.

ஆனால் ஆறு வயதிலிருந்து எட்டு வயதுவரை அவள் மத்திய அரசாங்கத்தின் சொத்தாக இருந்தாள். இது மத்திய அரசாங்கத்துக்குத் தெரியாது. அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளை அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்ததே நான்தான்.

என் பெயர் வடிவு. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மாடி. அவளைவிட எனக்கு இரண்டு வயது அதிகம். அந்த வயதில் இரண்டு வருஷம் என்பது பெரிய அதிகாரம், அதை நான் ஒரு நாளும் வீணடித்ததில்லை.

அவளுடைய அப்பா தட்சிணாமூர்த்தி மாமா, கும்பகோணத்துக்காரர், ஒரு மந்திரி அலுவலகத்தில் யு.டி.சி., அதாவது குமாஸ்தா. சத்தமாகத் தும்மக்கூடக் கூச்சப்படுகிற மனிதர். அவருக்கு ஒரே ஒரு பயம், அரசாங்கம். வீட்டுச் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்க விடமாட்டார், கவர்மெண்ட் சுவர். கதவைப் பிடித்து ஊஞ்சலாடினால், "கவர்மெண்ட் கதவுடி கண்ணு, திருப்பிக் குடுக்கறச்சே நல்ல கண்டிஷன்ல இருக்கணும்" என்பார். இரண்டு சீலிங் ஃபேன்களிலும் வெள்ளை பெயிண்ட்டில் நம்பர் எழுதியிருக்கும். நம்பர் போட்டிருந்தால் அது அரசாங்கத்துடையது, வீட்டைக் காலி செய்யும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மெமோ வரும். இதெல்லாம் எங்கள் காலனிக் குழந்தைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே தெரியும்.

எழுபத்திரண்டில் எதிர் வீட்டுக் கல்யாணராமன் மாமாவுக்குப் போபாலுக்கு மாற்றலாகியது. குவார்ட்டர்ஸைப் பராமரிக்கும் என்க்வயரி ஆபீசிலிருந்து ஓவர்சியர் பல்லா வந்தார். காக்கி பேன்ட், காதில் பென்சில், கையில் ஒரு பட்டியல். ஃபேன், ஸ்விட்ச், பைப் என்று ஒவ்வொன்றாக எண்ணி டிக் போட்டார். நானும் சுந்தரவல்லியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தோம். பிறகு மாமாவும் மாமியும் இரண்டு பையன்களும் டாக்ஸியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார்கள். மூத்த பெண் ருக்குவை மட்டும் ஏற்றவில்லை. மாமி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்ஸி போனதும் முன்பின் தெரியாத ஓர் ஆள், அவரும் காக்கி பேன்ட்தான், ருக்குவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கரோல்பாகில் இருந்த சித்தப்பா. ருக்குவுக்குப் பதினோராம் வகுப்புப் பரீட்சை இருந்ததால் நடுவில் பள்ளியை மாற்றாமல் விட்டுப் போனார்கள். தில்லியில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் செய்யும். இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"வடிவு அக்கா, ருக்குவை ஏன் குடுத்துட்டா?" என்று சுந்தரவல்லி கேட்டாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. கொஞ்சம் யோசித்தேன். ருக்குவின் இடது கையில் அம்மை ஊசித் தழும்பு இரண்டு வட்டமாக இருந்தது ஞாபகம் வந்தது.

"நம்பர் போட்டிருந்துச்சுல்லாட்டி? அதான் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றேன்.

சுந்தரவல்லி தன் இடது கையைப் பார்த்தாள். அங்கேயும் இரண்டு வட்டம்.

"உனக்கும் இருக்கே?"

"எனக்குச் சங்கரன்கோவில்ல போட்டது. அது தில்லியில செல்லாது."

அவள் விடவில்லை, உள்ளே போய் அம்மா மீனாக்ஷி மாமியிடம் விசாரித்தாள். நான் எங்கே பிறந்தேன்? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில். ஊசி யார் போட்டார்கள்? கவர்மெண்ட்தான், வேறு யார் போடுவார்கள்? திரும்பி வந்து இரண்டு பதில்களையும் என்னிடம் ஒப்பித்தாள். கும்பகோணத்தில் பிறந்த தம்பி வேணுவுக்கு இன்னும் தழும்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் சொந்தம், இவள் சர்க்கார். கேஸ் முடிந்தது. எனக்கே என் புத்திசாலித்தனம் ஆச்சரியமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் மாறிப்போனாள். மரம் ஏற மாட்டாள், பாண்டி ஆடினால் கீழே விழாமல் ஆடுவாள், முழங்காலில் ஒரு கீறல் கிடையாது. பாகற்காயை முகம் சுளிக்காமல் தின்றாள். திருப்பிக் கொடுக்கும்போது நல்ல கண்டிஷனில் இருக்க வேண்டுமே! இந்த ரகசியம் தெரியாத காலனிப் பெண்கள் எல்லாம் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். "அந்தப் புள்ளயப் பாரு, நீயும் பொறந்திருக்கியே" என்று என் அம்மா கரண்டியோடு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கிளப்பிவிட்ட கதைக்கு நானே அடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஏன் அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மாலையில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஓடிப்போய் டிபன் கேரியரை வாங்கிக்கொள்வாள். ஒரு நாள் தவறியதில்லை.

எழுபத்து நான்கு மே மாதம் தட்சிணாமூர்த்தி மாமாவுக்குப் பிரமோஷன் வந்தது. அசிஸ்டென்ட் ஆகிவிட்டார். ராமகிருஷ்ணபுரத்தில் ஓர் அறை கூடுதலாக உள்ள குவார்ட்டர்ஸ். மீனாக்ஷி மாமி வீடு வீடாக ரவா கேசரி கொடுத்தாள். நான் இரண்டு தரம் வாங்கித் தின்றேன். சுந்தரவல்லி தன் பங்கை வேணுவுக்குக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பல்லா சாப் வரார். என்னை எங்கே கொண்டு வெச்சுப்பா?"

கையிலிருந்த கேசரியைக் கீழே வைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. என் கதையை நானே பாதி நம்பவில்லை, ஆனால் மறுபாதி இருந்ததே!

"எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கோட்டி. அவரு போன பொறவு வெளிய வா."

"ஒண்ணு குறைஞ்சா அப்பாவுக்கு மெமோ குடுப்பா. இப்பதான் பிரமோஷன் ஆயிருக்கு" என்றாள் அவள். எட்டு வயதுப் பெண் என்னைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாமான்களெல்லாம் வாசலில் டெம்போவில் ஏறிவிட்டன. காலி வீட்டில் பல்லா அறை அறையாகப் போனார். மாமா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். குளியலறையில் ஒரு பல்ப் ஹோல்டர் உடைந்திருந்தது. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "கோயி பாத் நஹீ" என்று பல்லா பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார். ஃபேன் இரண்டு, ஸ்விட்ச் ஒன்பது, பைப் நான்கு. "பஸ், சப் டீக் ஹை", போதும், எல்லாம் சரி என்று பட்டியலை மடிக்கப் போனார்.

அப்போது சுந்தரவல்லி முன்னால் வந்தாள். பள்ளிச் சீருடை, இஸ்திரி மடிப்பு கலையாமல். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைப் பின்னல். கையில் துணிப்பை, அதில் இரண்டு கவுனும் ஒரு தம்ளரும். ஃபேனுக்கு நேர் கீழே நின்று சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"அங்கிள், மேரா நம்பர் லிக்னா பூல் கயே" என்றாள். என் நம்பரை எழுத மறந்துவிட்டீர்கள் என்று.

பல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கதவருகே நின்றிருந்த நான் ஓவென்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ருக்கு, ஸ்கூட்டர், தழும்பு, சங்கரன்கோவில், ஒன்று விடாமல், பாதி தமிழிலும் பாதி ஹிந்தியிலும்.

பல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மீனாக்ஷி மாமிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா சிரிக்கவில்லை. மகளுடைய இஸ்திரி போட்ட சட்டையையும் துணிப்பையையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு முன் எந்த அதிகாரியிடமும் "யெஸ் சார்" தவிர வேறு எதுவும் பேசியிராத அந்த மனிதர் பல்லாவின் கையிலிருந்த பட்டியலைக் காட்டி ஹிந்தியில் சொன்னார்:

"இதையும் எழுதுங்கள்."

"எதை?"

"இவள் அரசாங்கத்துடையவள் இல்லை என்று."

"அரே தட்சிணாமூர்த்திஜி, அதற்கெல்லாம் இதில் கட்டம் கிடையாது."

"ரிமார்க்ஸ் கட்டம் இருக்கிறது."

குரல் உயரவில்லை. ஆனால் பல்லா சிரிப்பதை நிறுத்திவிட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "பென்சில் கூடாது, அழிந்துவிடும்" என்று மாமா தன் பேனாவைக் கொடுத்தார். வாசகத்தையும் அவரே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பல்லா சுவரில் வைத்து எழுதினார்: மகள் ஒன்று, பெயர் சுந்தரவல்லி. அரசாங்கச் சொத்து அல்ல. குடியிருந்தவர் தம்முடன் எடுத்துச் செல்கிறார். கீழே கையெழுத்து, தேதி, பையிலிருந்து எடுத்த ரப்பர் ஸ்டாம்ப், இரண்டு தாளிலும். கார்பன் நகலைக் கிழித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, சுந்தரவல்லியின் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

மாமா காலி அறையின் தரையில் உட்கார்ந்தார். அவளை மடியில் இழுத்துக்கொண்டு, அந்தக் காகிதத்தில் இருந்ததைத் தமிழில் இரண்டு முறை படித்துக் காட்டினார். அவள் ஸ்டாம்ப்பைத் தடவிப் பார்த்தாள். மை கைவிரலில் ஒட்டியது.

"வேணு?" என்றாள்.

"அவனும் நம்மாத்துப் பிள்ளைதான்."

அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று எனக்குப் பட்டது. அவன் பொம்மைகளை உடைக்கிறவன்.

"எத்தனை நாளா இப்படி நெனச்சிண்டிருக்கே?"

"ருக்கு போனதுலேர்ந்து."

"ரெண்டு வருஷமாவா?" மாமாவின் குரல் என்னவோ போலாகிவிட்டது. "ஏன்டி கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?"

"கேட்டா நீங்க அழுவேள்னு தோணித்து" என்றாள் சுந்தரவல்லி.

அந்த இரண்டு வருஷத்தில் அவள் நினைத்தவற்றில் அது ஒன்றுதான் சரியாக இருந்தது.