பன்னிரண்டு ஆர்டரும் ஒரு படிவமும்

மென்பொருள் கம்பெனியில் கோடைக்காலப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்குக் கிடைக்கிற மரியாதை, பந்தி முடிகிற நேரத்தில் கல்யாணத்துக்குப் போனவருக்குக் கிடைப்பதுதான். போகச் சொல்ல மாட்டார்கள், உட்காரவும் சொல்ல மாட்டார்கள். சான்றிதழுக்காக அலைந்த சக ஜீவன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் கூடுதலாக ஒரு தொல்லை. சான்றிதழோடு, நாம் செய்ததைப் பயன்படுத்தியவர் கையெழுத்துப் போட்ட கருத்துப் படிவமும் வேண்டும். அதைப் பேராசிரியர் ஏற்று முத்திரை குத்தாவிட்டால் அடுத்த கோடையிலும் இதே பயிற்சிதான், வேலையில் சேர்வது தள்ளிப்போகும்.

படிக்கும் படலம்

இரும்புலியூரில் ஒரு மாடியில் எட்டுப் பேர் வேலை பார்க்கும் கம்பெனி அது. தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். எனக்கு லேப்டாப் தரவில்லை. பழைய ஆவணங்களை அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் "படித்தேன்" என்றேன். இரண்டாம் நாள் "தொடர்ந்து படித்தேன்" என்றேன். ஒன்பதாம் நாள் வரைக்கும் அதே வினைச்சொல்லை வைத்து ஒப்பேற்றினேன்.

பத்தாம் நாள் வாயைத் திறப்பதற்குள், எனக்கு வேலை சொல்லித்தரும் ரேவதி அக்கா முகம் மலர்ந்து சொன்னார்: "லேப்டாப் வந்தாச்சும்மா. சார்ஜர் மட்டும்தான் வரணும்."

கிலோ கட்டம்

சார்ஜரும் ஒருவழியாக வந்தது. ரேவதி அக்காவின் வீடு அஸ்தினாபுரத்தில். அவர் தெருமுனையில் மீன் விற்கும் செல்வி அக்காவுக்கு ஒரு ஆப் செய்து தருவதுதான் என் வேலை என்று முடிவானது. காலையில் என்ன மீன், கிலோ என்ன விலை என்று அவர் போட வேண்டும்; தெருக்காரர்கள் வீட்டிலிருந்தே ஆர்டர் போட வேண்டும். மூன்று வாரம் மாங்கு மாங்கென்று உழைத்தேன். மீனுக்கு மீன் படம் எல்லாம் போட்டு, எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

கொண்டுபோய்க் காட்டினேன். செல்வி அக்கா முன்னால் பிளாஸ்டிக் தாளில் நெத்திலியும் சங்கராவும் கூறு கூறாகக் குவிந்திருந்தன. தராசு என்ற பொருளே அங்கு இல்லை. ஒரு அம்மா விலை கேட்டார். அவர் போனதும் இன்னொருவர் கேட்டார். அதே கூறுதான், விலை வேறு. கிலோ என்று நான் கட்டம் போட்டபோது மீன் விற்பவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் போனை எட்டிப் பார்த்த செல்வி அக்கா கேட்டார்: "நான் ஆள பாத்து வெல சொல்றவ பாப்பா. இது யார பாத்து சொல்லும்?"

பன்னிரண்டு ஆர்டர்

கிலோவை எடுத்துவிட்டுக் கூறு என்று மாற்றினேன். விலைக் கட்டத்தையே தூக்கினேன். செல்வி அக்காவும் பெரிய மனசு பண்ணி, நாலு வீட்டு ஆர்டரை மட்டும் அதில் எடுக்க ஆரம்பித்தார். ஆர்டர் நிறைய வந்தால் பட்டியல் ஒழுங்காகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஒரு சாயங்காலம் ஆபீஸில் இருப்பவர்கள் பெயரிலேயே, ஆபீஸ் முகவரிக்கே பன்னிரண்டு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். அருமையாகத் தெரிந்தது. அழிக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். முதலாளி சார் சைவம். அவர் பெயரில் நாலு கூறு நெத்திலி.

மறுநாள் பத்து மணிக்குச் செல்வி அக்கா கூடையோடு மாடியேறி வந்து நின்றார். ஆர்டரை நம்பிக் கடற்கரையில் கூடுதலாக மீன் எடுத்து வந்திருந்தார். சார் தன் பெயரைக் கேட்டதும் இரண்டடி பின்வாங்கினார். "சர்வர் பிரச்சனைன்னு சொல்லிடு, முடிஞ்சிடும்" என்று ரேவதி அக்கா என் காதில் கிசுகிசுத்தார். சொல்லியிருக்கலாம். செல்வி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை, அவமானத்தில் காது சுட்டது. "நான்தான் போட்டேன் அக்கா. சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்காக" என்றேன். கூடையின் ஒரு பக்கத்தை நானும் பிடித்து இறக்கினேன். டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு மணி வரைக்கும் வெயிலில் உட்கார்ந்து அத்தனையையும் விற்றோம். நான் பை பிரித்துக் கொடுத்தேன்.

கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் சொன்னார்: "வேல செய்யுதான்னு பாக்கணும்னா என்ன ஒரு வார்த்த கேக்கறது? நான் இங்கதான கீறேன்."

படிவம்

கடைசி வாரம். இத்தனைக்கும் பிறகு அவரிடம்தான் படிவத்தை நீட்ட வேண்டும். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்ததால் நான் படிக்க, அவர் சொல்லச் சொல்ல நானே எழுதுவதாக ஏற்பாடு. செயலி தொழிலுக்குப் பயன்பட்டதா? "இல்ல." மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? "எங்க ஜனத்துக்கா? வேணாம்." அவர் குனிந்துதான் இருந்தார். 'ஆம்' என்று எழுதினாலும் தெரியப்போவதில்லை. இரண்டிலும் 'இல்லை' என்றே எழுதினேன். அடுத்த கோடை கண் முன்னால் வந்து போனது.

வேறு கருத்து ஏதாவது உண்டா என்று கடைசிக் கேள்வி. கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். "எழுதிக்க. தப்பு யாருதுன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே, என்னுதுன்னு சொல்லிச்சு. எங்கூட வெயில்ல குந்திக்கினு மீனு வித்துச்சு." கையைத் துடைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

கல்லூரியில் பேராசிரியர் படிவத்தை இரண்டு முறை படித்தார். இரண்டு 'இல்லை'யிலும் அவர் விரல் நின்றது. பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். "அறுபது படிவம் பாத்துட்டேம்மா, எல்லாத்துலயும் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னுதான் இருக்கு. யாரோ நிஜமாவே சொன்ன மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான்."

இரண்டு மாதத்தில் நான் எழுதியவற்றில் தப்பில்லாமல் வேலை செய்தது, செல்வி அக்கா சொல்லி நான் எழுதிய அந்தக் கடைசிப் பதில் மட்டும்தான்.