கதாநாயகி கணவனான வருஷம்

பயப்படுவதில் எனக்கு நல்ல கைத்தேர்ச்சி உண்டு. மற்றவர்கள் பயப்படக் காரணம் வேண்டும். எனக்கு யாராவது "கொஞ்சம் பேசணும்" என்றாலே போதும். ராயபுரத்தில் எங்கள் நாடக மன்றத் தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து அதைத்தான் சொன்னார்.

"நைனா, கொஞ்சம் பேசணும். இந்த வருசம் பொம்பள வேசம் நீ கட்ட வாணாம்."

"இன்னா தப்பு பண்ணேன்?"

"தப்பு இன்னா கீது? வண்ணாரப்பேட்டக்காரன் போன வருசம் நெஜப் பொம்பளய இட்டாந்து நாடகம் போட்டான். ஜனம் தாங்கல. நாம இன்னும் நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளைக்குப் பொடவ சுத்திகினு கீறோம்."

"அப்ப நான்?"

"நீதான் புருசன்."

"யாருக்கு?"

"வர்ற பொம்பளைக்கு."

டீ ஆறிப்போய் ஆடை கட்டும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, எங்கள் மன்றத்தில் பெண் வேஷம் கட்டியவரும் மூட்டை கட்டினார். ஊர் திரும்பியது, அவர் திரும்பவில்லை. என் மீசையை எடுத்துப் பார்த்தார்கள். முகம் பரவாயில்லை என்றார்கள். அதிலிருந்து பன்னிரண்டு வருஷம் நான்தான் கதாநாயகி. வருஷத்துக்கு ஒரே ஒரு நாடகம். மிச்ச நாளெல்லாம் துறைமுகத்தில் தூரிகையைத் தார் மையில் தோய்த்து, பெட்டிகள்மேல் ஊர்ப் பெயர் எழுதுகிற வேலை. எல்லாம் நான் போகாத ஊர்கள். மாலையில் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வீட்டுக்கு வருவேன். என் மனைவி அரிசிக் கிடங்கில் நாள் முழுக்க நின்று தூற்றிவிட்டு, தலைமுடியில் உமித்தூசியோடு வருவாள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அந்த ஒற்றை அறையில் எங்களுக்குத் தனிமை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. தூங்கினோம்.

ஆனால் அந்த ஒரு நாள், பவுடர் பூசி, மனைவி என் இடுப்பில் கொசுவத்தைச் செருகும்போது, யாரோ ஆசைப்படக்கூடிய ஆளாக நான் இருந்தேன். மேடையில் எனக்குப் புருஷனாக வந்தவர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். அவர் உள்ளங்கையில் எந்த இடத்தில் காய்ப்பு என்று எனக்குத் தெரியும். என் மனைவியின் கையைப் பற்றி அப்படி எதுவும் சொல்லத் தெரியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை. அவரும் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வேலை மாறிப் போய்விட்டார். புருஷன் வேஷம் காலியானது அப்படித்தான்.

கூலிக்கு நடிக்கிற அந்தப் பெண் ஒத்திகைக்கு பஸ்ஸில் வந்திறங்கினாள். முப்பது வயதிருக்கும், பல மேடை பார்த்தவள். காட்சி இது: ரங்கூன் போன புருஷன் மூன்று வருஷம் கழித்து வருகிறான், மனைவியின் கையைப் பிடித்து நாலு வார்த்தை பேசுகிறான். நான் உள்ளே வந்தேன். அவள் தலை குனிந்தாள். நானும் குனிந்தேன். கை தானாகத் தோளுக்குப் போய் இல்லாத முந்தானையைத் தேடியது. இரண்டு பேரும் கால் கட்டைவிரலால் தரையைக் கீறியபடி, எதிராளி ஆரம்பிக்கட்டும் என்று நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, நான்தான் பொம்பள. நீங்க என்னைப் பாக்கணும்."

மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. "மாமு, ரெண்டு பேருக்கும் வேற மாப்ள பாப்போமா?" என்று ஆர்மோனியக்காரர் கேட்டார். நானும் சிரித்தேன். வீடு வரும் வழியில்தான் உறைத்தது: நாற்பத்தைந்து வயதில், இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணிய பிறகு, ஒரு பெண்ணிடம் ஆசையாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மனைவியிடம் வசன நோட்டை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவள் நோட்டைத் தொடவே இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

"நீ பொண்டாட்டியா நில்லு. அதான் ஒனக்கு வருமே. நான் புருசன்" என்றாள்.

நின்றேன். அவள் வாசல் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். வேஷம் எதுவும் இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு நின்னுகினே கீற? காலீலேந்து நின்னது போதும். குந்து."

பின்கழுத்தில் கை வைத்து என்னை உட்காரவைத்தாள். அந்தக் கை சொரசொரவென்று, சூடாக இருந்தது. வியர்வையைத் துடைத்தது. நோட்டில் இருந்த தேனும் நிலவும் எனக்குச் செய்யாததை அது செய்தது. அதன்பின் கதவைச் சாத்தினோம். வெளியே உப்புக்காரர் இரண்டு முறை கூவிப் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் உப்பு வாங்கவில்லை.

நாடகத்தன்று மாலை ஆறு மணிக்குத் திரை விலகியது. ரங்கூனிலிருந்து வந்தேன். எதிரே அந்தப் பெண். வசனம் மொத்தமாக மறந்துபோயிற்று. கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொள்கிறவன் மாதிரி, அவள் கழுத்தில் கை வைத்து, "இன்னாத்துக்கு நின்னுகினே கீற? காலீலேந்து நின்னது போதும். குந்து" என்றேன்.

என் மனைவியும் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்துதான் கைதட்டல் கிளம்பியது. பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு அப்படித் தட்டியதில்லை. தலைவர் மாலை போட்டு, "ஷோக்கா பண்ணிட்ட நைனா" என்றார்.

மறுநாள் காலையில் மனைவி கஞ்சியை என் முன்னால் வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

"ஊரே கை தட்டிச்சே" என்றேன்.

"தட்டும். நல்லாத்தான் சொன்ன."

"அப்பால இன்னா கோவம்?"

"அத்த எனக்குன்னு வச்சிருந்தேன்யா. ஒனக்குத் தானா வராதுன்னுதான், எப்டி சொல்லணும்னு நானே சொல்லிக் குடுத்தேன். நீ இன்னாடான்னா எடுத்துகினு போயி எவளுக்கோ குடுத்துட்டு வந்துக்கீற."

"அது நாடகத்துக்கு ஒத்திக பாத்ததுதான…"

"ஒனக்கு அது ஒத்திகயா?"

கேட்டுவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் வந்ததும் அதே வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். மேடைக் குரலில் வந்து விழுந்தது. அவள் உட்காரவில்லை, நின்றபடியே சோறு போட்டாள்.

மூன்று வருஷம் ஆகிறது. தலைவர் இப்போதும் கூப்பிடுகிறார், புருஷனாக நடிக்கிறேன். நோட்டில் இல்லாத ஒரு சொல்லையும் மேடையில் சேர்ப்பதில்லை. வீட்டில் அவளுக்கென்று புதிதாக ஒன்று சொல்லப் பார்க்கிறேன். வாயைத் திறந்தால் வேடிக்கைப் பேச்சுதான் வருகிறது. அவள் சிரிக்கிறாள். பிறகு அலுப்பாக இருக்கிறதென்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.