ஊடகப் பேச்சாளர் மேர்வின்

மேர்வினால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கதிரையில் உட்கார்ந்தால் காலாட்டுவான். காலை நிறுத்தச் சொன்னால் எழுந்து போய்விடுவான். எங்கள் ஊரான பாலையூற்றில் அவன் வீட்டு முற்றத்தில் எப்போதும் படகு என்ஜின்கள் கழற்றிக் கிடக்கும். ஒன்றைப் பூட்டி முடிப்பதற்குள் அடுத்ததன் மூடியைத் திறந்துவிடுவான். ஆனால் கைராசிக்காரன். அவன் திருத்திய என்ஜின் நடுக்கடலில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. அந்த இரைச்சலுக்குள் அவன் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஜெசிகா பள்ளிக்கூட ஆசிரியை. சொல்ல வேண்டியதை எல்லாம் அவளே சொல்லிவிடுவாள்.

தவக்காலத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். கோயிலில் பசான் பாட, அதாவது யேசுவின் பாடுகளை ஒப்பாரியாகப் பாட, மேர்வினை விட்டால் ஆளில்லை. மாதாவின் புலம்பலை அவன் எடுத்தால் கல்லும் கரையும். தராசில் கள்ளம் செய்கிறவன்கூட மூக்கைச் சிந்துவான். அந்த நாட்களில் ஊரே வாய்மூடி அவனைக் கேட்கும். அது அவனுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

போன வருடம் எங்கள் படகுகள் கரையேறும் குடாவில் வேலி வரப்போவதாகத் தகவல் வந்தது. துறைமுகப் பக்கம் ஏதோ அபிவிருத்தித் திட்டமாம். கடலுக்குப் போகலாம், வரலாம்; ஆனால் வலையையும் மீனையும் றோட்டுக்குக் கொண்டுபோகிற பாதை வேலிக்குள் அகப்பட்டுவிடும். பாதை போனால் எங்களுக்குத் தொழில் இல்லை, மேர்வினுக்குத் திருத்த என்ஜினும் இல்லை. கமராவோடு ரிவிக்காரர் வரப்போகிறார்கள் என்றதும் மீனவர் சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. ஊடகப் பேச்சாளர் ஒருவர் வேண்டும் என்றார் தலைவர் பேணாட்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். எங்கட மேர்வினைப் போடுவம். அவன் வாய் திறந்தா, கேக்கிறவன் அழாமப் போவானே?"

எல்லாரும் கைதட்டினோம். வேறு ஊர் என்றால் படித்தவரைப் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சண்டைக்காரரைப் போட்டிருப்பார்கள். நாங்கள் பசான் பாடுகிறவனைப் போட்டோம். எங்கள் புத்தி அப்படி.

மேர்வின் கமராவின் முன் போய் நின்றான். மைக்கை நீட்டியதும் குரல் தானாகவே பசான் ராகத்துக்குப் போய்விட்டது. கடலை நம்பிப் பிறந்தோம் என்றான். எங்கள் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு, இழுத்து நிறுத்தினான். மைக் பிடித்தவரே கண்ணைத் துடைத்தார். பாதை என்ற சொல் அவன் வாயில் ஒரு தரம்கூட வரவில்லை. நாங்கள் அதைக் கவனிக்கவும் இல்லை. நாங்களும் அழுதுகொண்டல்லவா நின்றோம்!

அந்தக் காணொளி கனடா, லண்டன் என்று எல்லா இடமும் சுற்றியது. மேர்வின் வெள்ளைச் சேட்டுப் போட்டுத் திரியத் தொடங்கினான். றோட்டில் யாராவது மறித்து, "நீங்கள்தானே அண்டைக்குக் கதைச்சது?" என்று கேட்டால் அவன் முகம் மலர்ந்துவிடும். நிவாரணமாக அரிசி, பருப்பு, பால்மா எல்லாம் கோயில் மண்டபத்தில் வந்து இறங்கின. திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியும் வந்து, மேர்வினின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்.

"உங்கட கஸ்ரம் எங்களுக்கு நல்லா விளங்குது. நிவாரணம் இன்னும் தருவம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிறகு சங்கத்தையும் கூப்பிட்டுக் கதைப்பம்."

"நன்றி சேர்," என்றான் மேர்வின்.

மறுநாள் குடாவில் வேலிக் கம்பங்கள் வந்து இறங்கின. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது சரிதான். நாங்கள் கேட்க வேண்டியிருந்தது பால் இல்லையே.

அதற்குப் பிறகு மேர்வின் பட்ட பாடு சொல்லி மாளாது. என்ஜினைத் திறப்பான், மூடாமலே கரைக்கு ஓடுவான், கம்பங்களைப் பார்ப்பான், திரும்பி வருவான். சோற்றில் கைவைத்துவிட்டு எழும்புவான்.

"ஒரு இடத்தில இருங்கோவன்!" என்று ஜெசிகா சத்தம் போட்டாள்.

"நான் ஆக்களை அழ வைச்சிட்டன், ஜெசி. அழுதவன் அரிசியைத் தந்திட்டுப் போயிட்டான். இனிப் பாதை கேட்டா, தந்தது காணாதோ எண்டு கேப்பான்."

"அப்ப வேற ஆளைப் போடச் சொல்லுங்கோ."

 அங்கேதான் அவனுக்கு நொந்தது. தவக்காலம் முடிந்த பிறகும் மனிதர் அவன் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. விடாவிட்டால் பாதை போய்விடும். பாவம், இரண்டுக்கும் நடுவில் கிடந்து உழன்றான்.

ஒருநாள் காலை கரையில் மீன் ஏலம். கிண்ணியாவில் இருந்து லொறியோடு வரும் வியாபாரி பரீனா அக்கா விலை கேட்டார். பேணாட் தன் பாரை மீனைக் காட்டி, மகளுக்குக் காய்ச்சல், என்ஜின் பழுது, கடலும் சரியில்லை என்று அடுக்கினார். பரீனா முழுவதையும் கேட்டார்.

"பாவம்தான். மீனுக்கு வெல இதான்," என்றார். பிறகு சும்மா நின்றார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் பேணாட்தான் கடைசியில் "சரி, எடுங்கோ" என்றார்.

என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த மேர்வின் எழும்பி, பரீனாவையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று பின்னேரம் கூட்டம் கூட்டச் சொல்லி, பரீனாவைப் பேச்சாளராகப் போட வேண்டும் என்றான். வியாபாரிகளும் சங்கத்தில் உறுப்பினர்தான்; ஆனாலும் கூட்டம் கொதித்தது.

"அவவோ? எங்கட வயித்தில அடிக்கிறவ எல்லே!" என்றார் பேணாட்.

"அதுக்குத்தான் சொல்லுறன். அவ தானும் அழமாட்டா, மற்றவை அழுறதைப் பாத்து அசையவும் மாட்டா. கரை போனா அவவின்ர லொறியும் சும்மாதான் நிக்கும். பாதை வேணும் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு நிக்க எங்களில ஆருக்கு ஏலும்? எனக்கு ஏலாது."

அதைச் சொல்லி முடித்தவனின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் பரீனாவையே போட்டோம். அதிகாரி சொன்னபடி சங்கத்தைக் கூப்பிட்டார். ரிவிக்காரரும் வந்திருந்தார்கள். பரீனா எழுந்து, "சேர், வேலியப் போடுங்க. வலையும் மீனும் கொண்டு போக ஒரு பாத உடுங்க. லொறி போற அகலம் வேணும்," என்றார். அவ்வளவுதான். அதிகாரி பேனையை உருட்டினார், தண்ணீர் குடித்தார். பரீனா நின்றுகொண்டே இருந்தார். பின்வரிசையில் மேர்வினைக் கண்டதும் அதிகாரிக்கு உயிர் வந்தது.

"அட, மேர்வின்! நீங்கள் கதையுங்கோ. அண்டைக்குக் கதைச்ச மாதிரி."

கமராக்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.   கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பேசடா என்று என் மனமே சொன்னது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? இவ்வளவு பெரிய இடத்தில் அவனை யாரும் ஆசையாகக் கேட்டதில்லை. இனிக் கேட்கப் போவதும் இல்லை.

"பரீனா அக்காதான் எங்கட பேச்சாளர், சேர். அவ கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

அதிகாரி பெருமூச்சு விட்டார். பிறகு வரைபடத்தை மேசையில் விரித்து, எந்தப் பக்கத்தால் பாதை விட வேண்டும் என்று பரீனாவைக் கேட்டார். நாங்கள் எல்லாரும் எழும்பி மேசையைச் சூழ்ந்துகொண்டோம். பரீனா வரைபடத்தில் விரலை வைத்தார். அதிகாரி அந்த இடத்தில் கோடு இழுத்தார். எட்டிப் பார்க்க வந்த மேர்வினின் தோளைக் கமராக்காரர் ஒருவர் தட்டினார்.

"அண்ணன், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. அக்காவை மறைக்கிறீங்கள்."

மேர்வின் தள்ளி நின்றான்.