கிழக்கே இருந்த பீடம்

அபுதாபிக்கு மேற்கே ஒரு தீவில், ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடத்தின் அடித்தளம் இருக்கிறது. நடுவில் தேவாலயம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். சிரியாக் மொழியில் செபித்தவர்கள். அதே சபைக்காரர்கள்தான் கடல் தாண்டி மலபார் கரைக்கும் வந்தார்கள். இஸ்லாம் பரவிய பிறகும் பல வருடங்கள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். யாரும் இடிக்கவில்லை, கொளுத்தவில்லை. பிறகு அவர்களாகவே கிளம்பிவிட்டார்கள்.

சாமி கும்பிடுவதற்கே சோம்பேறியான எனக்கு இதெல்லாம் தெரிந்தது, அங்கே வைக்கும் தகவல் பலகைக்கு நான் வரைபடம் போட்டதால்தான். புது கம்பெனி. ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம் இருந்தது. முடிந்தால்தான் குடும்ப விசா. மதுரையில் மனைவி பெட்டி கட்டிவிட்டாள், மகளுக்குப் பள்ளியில் டிசியும் வாங்கிவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

பலகை முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தயாரானது. மறுநாள் காலை படகில் ஏற்ற வேண்டும். நான் கடைசியாகப் பார்க்கப் போனேன். அதற்கு இரும்புச் சட்டம் அடித்த வெல்டர் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஐம்பது வயது இருக்கும். படத்தில் பூசை வைக்கும் பீடம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, பீடம் மேற்க இருக்கே?”

“வெல்டிங்கை மட்டும் பாருங்க அண்ணாச்சி,” என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“இல்ல தம்பி. எங்க ஊர்க் கோயில்ல பீடம் கிழக்கதான். காலப் பூசையில பீடத்துக்குப் பின்னால சன்னல் வெயிலு கண்ணக் கூசும். பழைய கோயில்லாம் அப்படித்தான்.”

பதினொரு வருடம் ஷார்ஜாவில் மசூதிகளாக வரைந்தவன் நான். எந்தத் தொழுகை இடமானாலும் கை முதலில் மெக்கா இருக்கும் மேற்கைத்தான் தேடும். அகழாய்வுத் தாளில் திசைக்குறி மங்கியிருந்தது. யாரையும் கேட்கவில்லை. பீடத்தை மேற்கே திருப்பி, வடக்கு அம்பையும் நானே போட்டுவிட்டேன். போனில் இருந்த அகழாய்வுப் படங்களைத் தேடினேன். ஒன்றில் பீடத்துச் சுவருக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

“என் வேலை போச்சு அண்ணாச்சி,” என்றேன். விசா கதையையும் சொல்லிவிட்டேன்.

“புதுசா அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு நாள்.”

அவர் போனை எடுத்து எங்கள் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் கீழக்கரைக்காரர், தங்கமான மனிதர், வேலையில் மட்டும் புலி. சட்டத்தில் வெல்டிங் சரியாக வரவில்லை, பலகை நாளை மறுநாள்தான் போகும் என்றார் அண்ணாச்சி.

“எத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறீங்க? ஒரு சட்டம் ஒழுங்கா அடிக்கத் தெரியாதா?” ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது.

“தப்புதான் சார்.”

அந்த வெல்டிங்கில் ஒரு குறையும் கிடையாது. நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

பலகையைத் திருத்தி, ப்ரொபேஷனும் முடிந்து, மனைவியும் மகளும் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட அழைத்தேன். பூசை முடித்து நேராக வந்தார். மீன்குழம்பைப் புகழ்ந்தார், மகளிடம் படிப்பை விசாரித்தார். அந்த விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் போன பிறகு நான்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

“இத முதல்லயே சொல்றதுக்கென்ன? அந்த மனுசனுக்கு நான் ரெண்டாந்தரம் சோறு வைக்கவா வேணாமான்னு வாயாலதான கேட்டேன். தெரிஞ்சிருந்தா கேக்காமலே அள்ளி வச்சிருப்பேன்ல.”